முன் பேர், பின் பேர்

அமீரகத்து அல் ஐனில் தை மாதத்துச் சில நாட்கள் எதிர்க் கட்டிடம் இல்லாமலே விடியும். பாலைவனத்தில் பனிமூட்டமா என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வந்து பார்த்தால் தெரியும். காலை ஒன்பது மணி வரை ரோட்டில் விளக்குகள் மட்டும் தனியாக ஓடும், வண்டிகள் கண்ணுக்குத் தெரியாது. சீதாலட்சுமிக்கு நாற்பத்தெட்டு டிகிரி வெயிலோடு கூடப் பிணக்கு கிடையாது. இந்த மூட்டத்தின் மேல்தான் கோபம். மூட்டம் போட்டால் மாவு பொங்காது. மாவு பொங்காவிட்டால் பதினோரு ஆண்களும் கல்லு இட்லியைத் தின்றுவிட்டு, நல்லா இருந்துச்சுக்கா என்று மரியாதைக்குப் பொய் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பதினோரு பேரும் அவளுடைய மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். மெஸ் என்றால் போர்டு மாட்டிய கடை அல்ல. இரண்டு அறை வீட்டின் அடுக்களையில் அவள் சமைப்பாள். சனையா என்கிற தொழிற்பேட்டையில் கராஜிலும் ஏசி கடையிலும் வேலை பார்க்கிறவர்கள் டூட்டிக்குப் போகும் வழியில் ஏறி வந்து காலைப் பலகாரத்தை நின்றபடியே முடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டைக் கேரியரில் வாங்கிப் போவார்கள். புருஷன் அம்மையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். விசா, மெடிக்கல், ஐடி கார்டு என்று வருகிறவர்களின் விவரங்களை அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுக்கிற உத்தியோகம். பேசுவது குறைவு. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டைப் பேசிவிட்டு மிச்சத்தைச் சேமித்து வைப்பார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் சீதாலட்சுமியின் தம்பி மணிமாறன் இருந்தான். அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணத்துக்குப் பிடி கொடுக்காமல், சவுதியில் தம்மாமுக்குத் தெற்கே ஒரு பைப்லைன் கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறான். தினமும் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து கேம்பிலிருந்து சைட்டுக்கு அள்ளிக்கொண்டு போகும். பஸ்ஸில் ஏறியதும் அக்காவுக்கு ஒரு வணக்கம் அனுப்புவான். அவன் வணக்கம் வந்துவிட்டால் சீதாலட்சுமிக்கு அடுப்பு சீக்கிரம் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு வணக்கம் வரவில்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை, மாவுக் கவலையில் இருந்தாள். ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருந்த போன் விடாமல் டிங் டிங் என்றது. ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வாட்ஸப் குரூப்பில் இருநூற்று நாற்பது பேர். காலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூவும் முருகன் படமும் போட்டால்தான் அவர்களுக்குப் பொழுது விடியும். அந்தக் கச்சேரிதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டைக் கையில் வைத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்த வினோஜன் இட்லியைப் பிட்டவன் வாயில் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரன், ஏசி மெக்கானிக். "அக்கா, உங்கட தம்பி சவுதியில எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"தம்மாம் பக்கம். ஏன்?"

அவன் போனை நீட்டினான். மூட்டத்தில் கம்பெனி பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்த டிரைலரில் மோதிவிட்டது, பின்னாலேயே இன்னும் நாலு வண்டி, பலர் பலி, தமிழர்களும் உண்டு என்று இருந்தது. கம்பெனி பேர் போட்டிருந்தது. தம்பியின் கம்பெனிதான்.

சீதாலட்சுமி சாம்பார்க் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். தம்பிக்குப் போன் போட்டாள். ஒரு அரபிப் பெண் ஏதோ சொன்னாள், பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள். வாட்ஸப்பில் "ஏன்டா பேசல" என்று அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. கம்பெனி நம்பருக்கு அம்மையப்பன் முயன்று பார்த்தார். ஊரே கூப்பிடுகிற நேரம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஸ்ஸுக்கு வந்தவர்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். போகிறபோது வினோஜன் மட்டும், மத்தியானம் ஒருவருக்கும் சமைக்கவேண்டாம், வெளியில பாத்துக்கொள்ளுவம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மையப்பன் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அவர் வீட்டில் பகலில் டிவி போட்டது அதுதான் முதல் தடவை. தமிழ்ச் சேனல்காரர்களுக்கு அன்றைக்குப் பெரிய விருந்து. சிவப்புப் பட்டையில் கோர விபத்து என்ற வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது. செய்தி வாசிக்கிற பெண் ஒரே வாக்கியத்தை எட்டு விதமாகச் சொன்னாள். ஒரு பஸ் கவிழ்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"அதுல பின்னால மலை தெரியுது பாரு. அந்தப் பக்கம் ஏது மலை?" என்றார் அம்மையப்பன்.

அவளுக்கு மலையும் தெரியவில்லை, பஸ்ஸும் தெரியவில்லை. சேனலை மாற்றச் சொன்னாள். மாற்றியதும் பழையதையே போடச் சொன்னாள். ஒரு சேனலில் மூன்று பேர் என்றார்கள், இன்னொன்றில் ஒன்பது பேர் என்றார்கள். மூன்றுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். யாருடைய வீட்டு மூன்று என்று நினைத்துப் பார்க்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து ஃப்ளாட் மதீனா பீவி பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தாள். கீழக்கரைக்காரி, நடுவயதுக்காரி, வீட்டில் எது நடந்தாலும் முதலில் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறவள். அடுப்பைப் பார்த்தாள், சாம்பாரை மூடி வைத்தாள், சீதாலட்சுமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு தாள் வந்தது. யார் கையிலோ இருந்த தாளைப் படம் பிடித்திருந்தார்கள். ஆறு வரி, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. இறந்தவர்கள் பட்டியல். நாலாவது வரியில் வீரபாண்டி மணிமாறன், இந்தியா என்று இருந்தது.

வீரபாண்டி அவர்களுடைய அப்பா பேர். வெளிநாட்டுக் காகிதம் எதிலும் தம்பி பேர் தனியாக வராது, அப்பா பேரையும் இழுத்துக்கொண்டுதான் வரும். சீதாலட்சுமி அந்த வரியை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. கை மட்டும் போனைத் தடவிக்கொண்டே இருந்தது.

அடுத்த கால் மணி நேரத்தில் குரூப்பில் ஒருவர், இவர் நம்ம ஊர் மணிமாறன்தான், ஆழ்ந்த இரங்கல் என்று போட்டார். இன்னொருவர் அவனுடைய ஃபேஸ்புக்கிலிருந்து போட்டோவை எடுத்துப் போட்டார். நல்ல எண்ணம்தான். செய்தியை முதலில் சொன்ன பெருமையும் கொஞ்சம் இருந்திருக்கும். அங்கிருந்து அது எப்படித் தாவியதோ, பதினொரு மணிக்கு டிவியில் தம்பி வந்துவிட்டான். அல் ஐனுக்கு வந்திருந்தபோது ஜெபல் ஹபீத் மலையில், அத்தானுடைய கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு நிற்கிற படம். எடுத்தவளே சீதாலட்சுமிதான். கீழே, சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த மணிமாறன் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் சத்தமில்லாமல் வந்தது. மதீனா பீவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு போன்கள் வரத் தொடங்கின. பத்து வருடமாகப் பேசாத சித்தப்பா மகன் பேசினான். உடம்பை எப்போது கொண்டுவருவார்கள் என்று ஒருவர் கேட்டார். கம்பெனியில் எவ்வளவு கொடுப்பார்கள் என்று இன்னொருவர் ஆரம்பித்தபோது அம்மையப்பன் போனை வாங்கிக் கட் பண்ணிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு போன் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஜோதிமணி, கமுதியிலிருந்து. மணிமாறனுடைய அறையில் ஆறு வருடமாகக் கூடவே இருக்கிற கமுதியாரின் பெண்டாட்டி. ஒரு ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு வீட்டு நம்பரையும் மணிமாறன்தான் மாற்றிக் கொடுத்திருந்தான். நாலைந்து தடவை பேசியிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் இரண்டு கிலோ முண்டு மிளகாய் கொடுத்தனுப்பியிருந்தாள். நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, டிவில பாத்தேன். நீங்க எதுவும் பேச வேணாம். நான் இப்படியே லைன்ல இருக்கேன். அழுகணும்னா அழுதுக்கங்க."

சீதாலட்சுமி அழுதாள். புருஷனிடத்திலும் மதீனா பீவியிடத்திலும் வாய்விட்டு அழாத அழுகையை முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் கோழி கொக்கரிக்கிற சத்தமும் டிவிச் சத்தமும் கேட்டன. ஜோதிமணி காத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுல உள்ளவுகளுக்கும் காலையிலருந்து போனு போகலக்கா. எனக்கு அதுல ஒரு தெம்புதான். ஆஸ்பத்திரி, போலீசுன்னு அவுகதான் அங்கன ஓடியாடிக்கிட்டு இருப்பாக. தம்பிய ஒத்தையில விட்டுட்டு அவுக நகரமாட்டாக. முகம் தெரியாத ஆளுக கையில கெடக்கானேன்னு மட்டும் நீங்க நெனைக்காதீக."

அந்த வார்த்தை சீதாலட்சுமிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தெரிந்த மனுசன் பக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தால்தான் வைப்பேன் என்று ஜோதிமணி பிடிவாதம் பிடித்ததால் ஒரு தம்ளர் தண்ணீரும் குடித்தாள்.

இவ்வளவு நேரமும் அம்மையப்பன் அந்தத் தாளின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவுத்தாளில் இவருக்கு என்ன ஆராய்ச்சி என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"சீதா, நான் ஒண்ணு சொல்றேன். இது தப்பாவும் இருக்கலாம். நம்பிக்கை வச்சிராத. ஆனா சொல்லாம இருக்க முடியல."

அவர் விரலை மூன்றாவது வரியில் வைத்தார். அதில் ஒரு நேபாளியின் பேர் இருந்தது, கடைசியில் தாப்பா என்று முடிந்தது. தாப்பா என்பது குடும்பப் பேர் என்றார் அவர். அது பின்னால் இருக்கிறதென்றால், இந்தத் தாளை அடித்தவன் சொந்தப் பேரை முன்னாலும் குடும்பப் பேரைப் பின்னாலும் போட்டிருக்கிறான். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அந்தக் கட்டத்தில் அப்பா பேரைத்தான் எழுதுவோம். இந்தக் குழப்பத்தில்தான் பேங்கில் தன்னை இருபது வருடமாக மிஸ்டர் கருப்பையா என்று கூப்பிடுகிறார்கள், கருப்பையா தன் அப்பா என்று சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறுபடி அப்படியே கூப்பிடுகிறார்கள். ஆகவே முன்னால் இருப்பதுதான் ஆள் பேர்.

"முன்னால வீரபாண்டின்னு இருக்கு. அப்ப இறந்தவன் பேரு வீரபாண்டி. அவங்கப்பா பேரு மணிமாறன். நம்ம ஆளுன்னா மணிமாறன் வீரபாண்டின்னு வந்திருக்கணும்."

"ஒரே கம்பெனில, அதே ரெண்டு பேரு, தலைகீழா? நடக்கிற காரியமா பேசுங்க. தாப்பாவ வச்சு எந்தம்பிக்கு உசுரு குடுக்குறீங்களா?" என்றாள் சீதாலட்சுமி.

"ஒரு நாளைக்கு அறுபது பேரு அடிக்கிறேன். நம்ம சீமையில எத்தனை வீரபாண்டி, எத்தனை மணிமாறன். நடக்கும்."

அவள் திட்டினாள். திட்டிவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். மதீனா பீவியும் எட்டிப் பார்த்தாள். மூன்று பேரும் அந்தத் தாப்பாவின் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யார் பெற்ற பிள்ளையோ, அவன் வீட்டிலும் இந்நேரம் யாராவது இதே வரியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார்கள். டிவியில் தம்பி கூலிங் கிளாஸோடு மறுபடியும் வந்தான். வெளியே மிச்ச மூட்டமும் கலைந்து எதிர்க் கட்டிடம் மெல்லத் தெரிந்தது, பால்கனியில் யாரோ துணி காயப்போட்டார்கள்.

பன்னிரண்டரைக்குத் தெரியாத சவுதி நம்பர் ஒன்று வந்தது. சீதாலட்சுமி எடுக்கவில்லை. அம்மையப்பன் எடுத்து, கேட்டு, அவள் காதில் வைத்தார்.

"யக்கா" என்றான் மணிமாறன்.

அவனே பேசினான். கடைசி சீட்டில் இருந்திருக்கிறான். கை ஒடிந்து கட்டுப்போட்டிருக்கிறார்கள், தலையில் நாலு தையல். போன் பஸ்ஸோடு போய்விட்டது. மலையாளத்து நர்ஸம்மா ஒருத்தி தன் போனைக் கொடுத்திருக்கிறாள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அக்காவுடையது. டிவியில் தன் படம் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அக்காதான் சொன்னாள்.

"அது நானில்லக்கா. அது நம்ம கமுதியாரு. முன்னால உக்காந்திருந்தாரு. நாந்தான் அடையாளம் காட்டுனேன்."

"கமுதியாரு பேரு வீரபாண்டியாடா?"

"ஆமா. அவுக அய்யா பேரு மணிமாறன். கம்பெனிலயும் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தித்தான் கூப்பிடுவான்."

"ஒருநாள் கூட நீ சொல்லலயேடா."

"எப்படிக்கா சொல்லுவேன். அப்பா பேருல்ல. ஏ வீரபாண்டின்னு ஒரு ஆள எப்படி வாய்விட்டுக் கூப்பிடுறது? அதான் வந்த நாள்லருந்து கமுதியாருன்னே கூப்பிட்டுப் பழகிட்டேன்." அவன் விம்மினான். பிறகு, "அவுக வீட்டுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லலக்கா. நம்பரு என்கிட்ட இல்ல, போனோட போச்சு. உன்கிட்டத்தான் இருக்கு. நீ சொல்லிரு" என்றான். நர்ஸம்மாவுக்கு டூட்டி என்று போனை வைத்துவிட்டான்.

சீதாலட்சுமிக்குத் தம்பி உயிரோடு இருக்கிறான். அந்தச் சந்தோஷம் வந்தது, வரத்தான் செய்தது. முழுசாக அதை அவளால் வரவிட முடியவில்லை. அவள் தண்ணீர் குடித்த தம்ளர் இன்னும் கழுவாமல் கிடந்தது. அதைக் குடிக்க வைத்தவளிடம் இதைச் சொல்லவேண்டும்.

நான் வேண்டுமானால் பேசட்டுமா என்று அம்மையப்பன் கேட்டார். ஆம்பளைக் குரல் வேண்டாம் என்று மதீனா பீவி தலையசைத்தாள். முதலில் கமுதியில் தெரிந்தவர்கள் யாராவது அந்த வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் இருக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவாயிற்று. அம்மையப்பன் குரூப்புக்குச் செய்தி போட்டார்: மணிமாறன் உயிருடன் இருக்கிறார், படத்தை எடுங்கள். அதோடு கமுதிக்காரர்கள் யாராவது இருந்தால் உடனே தனக்குத் தனியாகப் பேசும்படியும் போட்டார். உயிருடன் இருக்கிறார் என்ற செய்தி இத்தனை வேகமாகப் பரவும் என்று அவர் நினைக்கவில்லை. கமுதிக்காரர் ஒருவர் அகப்படுவதற்குள் சேனலில் தம்பி படத்தை எடுத்துவிட்டார்கள். மணிமாறன் உயிருடன் இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம் என்று சிவப்புப் பட்டையில் ஒரே ஒரு தடவை ஓடியது.

போன் அடித்தது. ஜோதிமணி.

எடுக்காமல் இருந்தால் இன்னும் பயந்துபோவாள் என்று சீதாலட்சுமிக்குத் தோன்றியது. எடுத்தாள்.

"அக்கா, உங்க தம்பி படத்தை எடுத்துட்டாகக்கா. உயிரோட இருக்காருன்னு போட்டாக, நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நெசந்தானக்கா?"

"நெசந்தான் தாயி. இப்பத்தான் பேசுனான்."

ஜோதிமணி சிரித்தாள், சிரிப்போடு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுகிற முதல் அழுகை அதுதான். முருகா முருகா என்றாள். ஒரு கூடப்பிறந்தவளால் கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க முடியாது. கை ஒடிந்ததைச் சொன்னதும், கைதானக்கா, சேந்துரும் என்றாள். இனிமேலாவது ரெண்டு வாய் சாப்பிடுங்கள் என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்காகப் பரிதாபப்படுகிற குரலில் கேட்டாள்.

"அப்ப அது யாருக்கா?"

சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சீதாலட்சுமி இன்னும் சேர்த்துவைக்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"தாயி, உன் பக்கத்துல யாரும் இருக்காகளா?"

"மேல வீட்டு நளினி அக்கா இருக்காக. டிவி பாக்க வந்தாக. ஏன்க்கா?"

"உங்க வீட்டுக்காரரு பேரு என்ன தாயி?"

"அவுக பேரா?" என்றாள் ஜோதிமணி. கட்டின புருஷன் பேரைக் கேட்டால் வருகிற வெட்கம் அந்தக் குரலில் பாதி வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் டிவிச் சத்தம் அணைந்தது. கோழிகள் மட்டும் கேட்டன.

அதன் பிறகு, பதினாலு வருடத்தில் ஒருநாளும் வாயால் சொல்லாத அந்தப் பேரை ஜோதிமணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சீதாலட்சுமியின் அப்பா பேர்தான் அது.

"ஆமா தாயி" என்றாள் சீதாலட்சுமி.